யாருடைய போதை? அமெரிக்க ராணுவமும் கறுப்புச் சிப்பாயின் டிஸ்சார்ஜ் தாளும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரால் நடக்கும் சொற்பொழிவில் அமெரிக்க ராணுவத்தின் போதை வரலாற்றைப் பற்றிப் பேசுவதற்கு என்ன பொருத்தம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பொருத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதர், பறையர் என்று இழித்துரைக்கப்பட்ட மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்றார். பஞ்சசீலம் அவர்களுடைய பழைய அறம் என்றார். பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மயக்கம் தரும் பொருள்களை விலக்குவது. குடி இந்த மக்களின் பிறவிக் குணம் என்று ஊரும் அரசும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இல்லை, ஒழுக்கமே இவர்களுடைய மரபு, இழிவு வெளியிலிருந்து சுமத்தப்பட்டது என்று அவர் திருப்பிச் சொன்னார். குடியை எதிர்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. குடியைக் காட்டி ஒரு மக்கள்கூட்டத்துக்குக் குணம் எழுதுகிற அதிகாரத்தையும் சேர்த்தே எதிர்த்தார்.

அந்த அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கோப்புகளின் வழியே பார்க்க அமெரிக்க ராணுவம் நல்ல இடம். ராணுவம் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் நிறுவனம். யாருக்கு எவ்வளவு சாராயம் அளந்தது, யாரைக் குடிக்காகத் தண்டித்தது, யாரை நோயாளி என்று மருத்துவமனைக்கு அனுப்பியது, யாரை வெறும் தாளோடு வெளியே தள்ளியது என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுகளைத் தொடர்ந்து படிக்கும்போது எனக்குப் பிடிபட்டது இதுதான்: போதைப் பொருளுக்கு ராணுவத்தில் நிலையான பெயர் கிடையாது. அது ஒரு கையில் ரேஷன், இன்னொரு கையில் நோய், மூன்றாவது கையில் குற்றம். பொருளின் தீங்கைவிட அந்தக் கை யாருடையது, அந்த நேரத்தில் ராணுவத்துக்கு அது தேவையா இல்லையா என்பதே பெரும்பாலும் பெயரைத் தீர்மானித்திருக்கிறது.

அளந்து கொடுத்த சாராயம்

விடுதலைப் போர்க்காலம் தொட்டே அமெரிக்கச் சிப்பாயின் அன்றாட உணவுப் படியில் சாராயமும் ஒரு பங்கு. இறைச்சி, ரொட்டி, உப்பு போல அதுவும் அளந்து கொடுக்கப்பட்டது. குளிரைத் தாங்கவும் களைப்பைப் போக்கவும் பயத்தை மறக்கவும் அது வேண்டும் என்று தளபதிகள் நம்பினார்கள். ஒழுங்கீனமும் தப்பியோட்டமும் பெருகியபோது, குடிமறுப்பு இயக்கமும் வலுப்பெற்ற காலத்தில், 1832இல் தரைப்படை அந்தப் பங்கை நிறுத்திவிட்டுக் காப்பியும் சர்க்கரையும் கொடுக்கத் தொடங்கியது. கடற்படையில் தண்ணீர் கலந்த சாராயப் படி 1862 வரை நீடித்தது. முகாம் கேன்டீன்களில் மது விற்பதை 1901இல் நாடாளுமன்றம் தடுத்தது. 1914இல் கடற்படைச் செயலர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் கப்பல்களில் அதிகாரிகளுக்கும் மது கூடாது என்று ஆணையிட்டார். சிப்பாயின் படி நின்று அரை நூற்றாண்டு கழிந்த பிறகே அதிகாரியின் உணவறைப் புட்டிகள் அகற்றப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே இருப்பவர் குடித்தால் விருந்து, கீழே இருப்பவர் குடித்தால் ஒழுங்குப் பிரச்சினை என்ற கணக்கு இனப் பாகுபாடு வருவதற்கு முன்பே வர்க்கமாக அங்கே இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் மது திரும்பி வந்தது. பீர் உற்பத்தியில் 15 விழுக்காட்டைப் படைகளுக்கு ஒதுக்கிவைக்கும்படி 1943இல் அரசு மதுத் தொழிற்சாலைகளுக்கு ஆணையிட்டது. அதே போரில் தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளும் வந்தன. ஜெர்மனி தன் வீரர்களுக்குப் பெர்விடின் கொடுத்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் பென்செட்ரின் கொடுத்தன. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளும் அரசுப் பொருளாக இருந்ததால் இதை யாரும் போதை என்று அழைக்கவில்லை.

நீலத் தாள்

அதே போரின் இன்னொரு பக்கம் இருக்கிறது. அன்றைய அமெரிக்க ராணுவம் நிறப் பிரிவினை கொண்டது. கறுப்பர்களுக்குத் தனிப் படைப்பிரிவு, தனிக் கொட்டகை. பெரும்பாலோருக்கு மூட்டை தூக்குவதும் வண்டி ஓட்டுவதும் சமையலுமே வேலை. இந்த ராணுவத்தில் ஒருவரை வெளியேற்ற இருந்த வழிகளில் ஒன்று, நீல நிறக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்த டிஸ்சார்ஜ். அது கௌரவமானதும் அல்ல, கௌரவமற்றது என்று நீதிமன்றம் தீர்த்ததும் அல்ல. ராணுவ நீதிமன்ற விசாரணை வேண்டியதில்லை. அதிகாரிகள் குழு ஒன்று முடிவு செய்தால் போதும். விதியில் இருந்த காரணம், ஒருவரிடம் 'விரும்பத்தகாத பழக்கங்களோ குணக்கூறுகளோ' இருப்பது. குடிப்பழக்கம், போதைப் பழக்கம், தன்பால் ஈர்ப்பு எல்லாவற்றையும் இந்தச் சொற்களுக்குள் அடைத்தார்கள். மேலதிகாரிக்கு அடங்காத கறுப்புச் சிப்பாயையும் அடைத்தார்கள்.

1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை கொடுத்த நீலத் தாள்கள் 48,603. அதில் 10,806 கறுப்பினத்தவருக்குப் போயின. படையில் அவர்களின் பங்கு 6.5 விழுக்காடு, நீலத் தாளில் 22.2 விழுக்காடு. 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகைதான் இதை அம்பலப்படுத்தி இயக்கம் நடத்தியது.

தாளின் நிறம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 1944இல் வந்த ஜி.ஐ. சட்டம், போரிலிருந்து திரும்பியவருக்குக் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடன் உத்தரவாதமும் வேலையில்லாக் காலத்துக்கு உதவித்தொகையும் அளித்தது. அமெரிக்க வெள்ளை நடுத்தர வர்க்கத்தைப் பெருக்கிய சட்டங்களில் அது முதன்மையானது. கௌரவமற்றது என்று தீர்ப்பான டிஸ்சார்ஜுக்கு மட்டுமே அந்தச் சட்டம் கதவை அடைத்தது. ஆனாலும் முன்னாள் படைவீரர் துறை நீலத் தாள்காரர்களையும் வழக்கமாகத் திருப்பி அனுப்பியது. வேலை கேட்டுப் போன இடத்தில் முதலாளி பார்ப்பதும் அந்தத் தாளைத்தான். ராணுவம் என்பது ஏழைக்குப் படிப்பும் ஓய்வூதியமும் தரும் படிக்கட்டு என்றால், நீலத் தாள் அந்தப் படிக்கட்டை உருவியெடுத்தது.

இது நமக்குப் புரியாத விஷயமல்ல. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார் மேஜர். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். மகர்களை இனிச் சேர்ப்பதில்லை என்று பிரிட்டிஷார் 1890களின் தொடக்கத்தில் முடிவு செய்தபோது, ஒரு தலைமுறையின் பள்ளிக்கூடமும் ஓய்வூதியமும் சேர்ந்தே பறிபோயின. கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். அங்கே 'போர்க்குணமற்ற இனம்' என்று எழுதினார்கள். இங்கே 'விரும்பத்தகாத குணம்' என்று எழுதினார்கள். இரண்டு இடத்திலும் வெளியேற்றத்துக்கான காரணம் குணமாக மாற்றி எழுதப்பட்டது.

எதிர்ப்பு வலுத்ததால் 1947இல் நீலத் தாளை ஒழித்தார்கள். அதற்குப் பதிலாக வந்த வகைகளில் ஒன்றின் பெயரே 'விரும்பத்தகாத டிஸ்சார்ஜ்'. தீண்டத்தகாதவர் என்ற சொல்லைச் சுமந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் எடை தனியே விளக்கப்பட வேண்டியதில்லை. மறு ஆண்டு ஜூலை 26 அன்று ட்ரூமன் ராணுவத்தில் நிறப் பிரிவினையை நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். பிரிவினை விதியிலிருந்து போனது. புதிய தாள் நின்றது.

வியட்நாம்: பீரும் மாத்திரையும் கஞ்சாவும்

1966இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்நமாரா 'ஒரு லட்சம் பேர் திட்டம்' என்பதை அறிவித்தார். தேர்வில் மதிப்பெண் குறைவு என்று முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் படையில் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்து வறுமையிலிருந்து மீட்பது என்பது சொல்லப்பட்ட நோக்கம். பெயர்தான் ஒரு லட்சம்; 1971க்குள் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 3,50,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு கறுப்பினத்தவர். பலர் போய்ச் சேர்ந்த இடம் தொழிற்பட்டறை அல்ல, வியட்நாம் காடு. மக்கள்தொகையில் 11 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர், போரின் தொடக்க ஆண்டுகளில் களத்தில் இறந்தவர்களில் 20 விழுக்காட்டை ஒட்டி இருந்தார்கள்.

அந்தப் போரில் போதை நான்கு வழிகளில் வந்தது. முதலாவது பீர். முகாம் கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அதிகாரிகளுக்கும் சார்ஜென்டுகளுக்கும் தனித்தனிக் குடிமன்றங்கள் இருந்தன. இரண்டாவது மாத்திரை. 1966 முதல் 1969 வரை படைகளுக்கு வழங்கப்பட்ட ஊக்க மாத்திரைகள் 22.5 கோடி என்பது அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் 1971ஆம் ஆண்டுக் கணக்கு. இந்த இரண்டும் அரசு கொடுத்தவை. மூன்றாவது கஞ்சா, நான்காவது ஹெராயின். இவை இரண்டும் குற்றம்.

கஞ்சா புகைப்பதற்கு இனம் கிடையாது. வெள்ளையரும் கறுப்பரும் புகைத்தார்கள். ஆனால் கஞ்சா வேட்டை வெறும் கஞ்சா வேட்டையாக நிற்கவில்லை. இயற்கையாக வளர்த்த தலைமுடி, கறுப்புக் கயிற்றில் பின்னிய கைவளை, ஒருவருக்கொருவர் நீண்ட கைகுலுக்கலில் வணக்கம் சொல்லும் முறை என்று தன்மானம் பேசிய கறுப்புச் சிப்பாய்களைக் கலகக்காரர்களாகப் பார்த்த அதிகாரிகளுக்குச் சோதனை என்பது கைக்கு எளிதான கருவி. லாங் பின் ராணுவச் சிறையைப் பாருங்கள். கொள்ளளவை மீறி நிரம்பியிருந்த அந்தச் சிறையில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். போதைப் பொருளைத் தேடுகிறோம் என்று கைதிகளை நிர்வாணமாக்கிச் சோதிக்கும் நடைமுறை அங்கே கொண்டுவரப்பட்டது. 1968 ஆகஸ்ட் 29 இரவு சிறை கொந்தளித்தது, கட்டடங்கள் எரிந்தன, ஒரு கைதி உயிரிழந்தார். கலகம் அடங்கிய பிறகும் ஒரு பகுதிக் கைதிகள் வாரக்கணக்கில் பணியாமல் நின்றார்கள். எதைத் தேடினார்கள் என்பதைவிட, தேடுவதற்காக உடலை அவமானப்படுத்தியதுதான் அந்தத் தீயை மூட்டியது.

கஞ்சாவை மணம் காட்டிக்கொடுக்கும். 1970இல் முகாம்களைச் சூழ்ந்த ஹெராயினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிகரெட்டில் கலந்து அதிகாரியின் முன்னாலேயே புகைக்கலாம். மலிவு, தூய்மை மிகுதி. அது எங்கிருந்து வந்தது? ஆல்ஃப்ரெட் மெக்காய் என்ற இளம் ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட தென்கிழக்கு ஆசிய ஹெராயின் பற்றிய நூலில், அமெரிக்காவின் போர்க் கூட்டாளிகளாக இருந்த தளபதிகளே அந்த வணிகத்தில் இருந்ததை எழுதினார். சி.ஐ.ஏ. அந்த நூலை வெளிவருமுன் பார்க்க வேண்டும் என்று பதிப்பகத்தை நெருக்கியது. புகைத்த சிப்பாய்க்குத் தண்டனை. விற்ற கூட்டாளிக்கு ஆயுத உதவி.

குற்றம் நோயான கதை

1971 மே மாதம் ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்ஃபி என்ற இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் வியட்நாம் போய்வந்து, சிப்பாய்களில் 10 முதல் 15 விழுக்காட்டினர் ஹெராயினுக்கு அடிமை என்று அறிக்கை கொடுத்தார்கள். நாடு அதிர்ந்தது. ஜூன் 17 அன்று நிக்சன் போதையை முதல் எதிரி என்று அறிவித்தார். அதே மூச்சில், நாடு திரும்பும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் சிறுநீர்ச் சோதனை, தேறாதவருக்கு நஞ்சு நீக்கும் சிகிச்சை, சோதனையில் பிடிபட்டதற்காக ராணுவ நீதிமன்றம் இல்லை என்ற கொள்கையும் வந்தது. அதற்குப் பொறுப்பேற்றவர் ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவர். பெரும்பாலும் தண்டனைக்கு உரியதாக இருந்த ஒன்று, சில வாரங்களில் சிகிச்சைக்கு உரியதானது.

இந்த மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால் ஏன் அப்போது? கறுப்பினக் குடியிருப்புகளில் ஹெராயின் பல ஆண்டுகளாக இளைஞர்களைக் கொன்றுகொண்டிருந்தது. அப்போதெல்லாம் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. வெள்ளை நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் அடிமையாகித் திரும்பும் நிலை வந்தபோதுதான் 'நம் பிள்ளைகள்' என்ற சொல் பிறந்தது. இரண்டே ஆண்டுகளில், 1973இல், நியூயார்க் மாநிலம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போதைப்பொருள் விற்றாலும் வைத்திருந்தாலும் 15 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்ற சட்டத்தை இயற்றியது. கறுப்பினத்தவரும் புவெர்ட்டோ ரிக்கரும் அந்தச் சட்டத்தால் சிறைகளை நிரப்பினார்கள். சிப்பாய்க்கு மருத்துவர் வந்த அதே காலத்தில் தெருவுக்குப் போலீஸ் வந்தது.

ஜாஃபியின் ஏற்பாட்டில் லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் ஓர் ஆய்வு செய்தார். சமூகவியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது அது. 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய சிப்பாய்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஏறத்தாழ 900 பேரை அவருடைய குழு தேடிப்பிடித்துப் பேட்டி கண்டது. வியட்நாமில் இருந்தபோது பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அபின் வகைப் பொருளைப் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். அப்படி அடிமையானவர்களில் நாடு திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 5 விழுக்காடு மட்டுமே. மூன்று ஆண்டுக் கணக்கிலும் அது 12 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அவர்களில் மிகப் பலர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள்.

ஹெராயின் தீங்கற்றது என்று இதற்குப் பொருளல்ல. சூழல் மட்டுமே எல்லாம் என்று ராபின்ஸும் சொல்லவில்லை. படைக்கு வருமுன் ஒருவர் வாழ்ந்த வாழ்க்கைக்கும் அதில் பங்கிருப்பதை அவரே காட்டினார். ஆனால் 'ஒருமுறை தொட்டால் சாகும்வரை விடாது, அது அவனுடைய ரத்தத்தில் இருக்கிறது' என்ற பொதுப்புத்தி அந்த ஆய்வின் முன் நிற்கவில்லை. துப்பாக்கி முனையும் சாவுப் பயமும் நீங்கி, வீடும் வேலையும் உறவும் கிடைத்தபோது பெரும்பாலோர் பழக்கத்தை விட்டார்கள். ஆகவே, ஒருவரின் பழக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அவர் எந்த நிலத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

தாளில் இருந்த ரகசிய எண்

வியட்நாம் காலத்தில் முழுக் கௌரவமில்லாத தாளோடு வெளியேற்றப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் அதிகம். போதைக்காக மட்டும் கொடுக்கப்பட்ட 'விரும்பத்தகாத டிஸ்சார்ஜ்'களை விண்ணப்பித்தால் மறுபரிசீலனை செய்யலாம் என்று 1971 ஆகஸ்டில் பாதுகாப்புச் செயலர் மெல்வின் லெயர்டு அறிவித்தார். விண்ணப்பிக்க வழி தெரிந்தவருக்கு அது உதவியது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத, அறிவிப்பே எட்டாத சேரிப் பிள்ளைக்கு அது எப்படி உதவும்?

1972இல் ராணுவ நீதி நிர்வாகத்தை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் வழக்கறிஞர் நதானியேல் ஜோன்ஸும் ஒரு தளபதியும் அதற்கு இணைத் தலைவர்கள். நவம்பர் இறுதியில் வந்த அறிக்கை, ராணுவத்தில் வேண்டுமென்றே செய்யும் பாகுபாடும் அமைப்பிலேயே ஊறிய பாகுபாடும் இருக்கின்றன என்றது. கல்வியிலும் தகுதித் தேர்விலும் ஒத்த நிலையில் இருக்கும் வெள்ளையரோடு ஒப்பிட்டாலும், கறுப்பினத்தவருக்குக் கௌரவமான டிஸ்சார்ஜ் கிடைப்பது குறைவு, விரும்பத்தகாத டிஸ்சார்ஜ் கிடைப்பது அதிகம் என்று காட்டியது. அதே 1972இல்தான் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி.பவாரும் ராஜா டாலேயும் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை ஏற்றுத் தலித் சிறுத்தைகள் அமைப்பைக் கட்டினார்கள். அந்தப் பெயர் பின்னர் மதுரை வழியாக நம் ஊருக்கும் வந்தது.

இன்னொன்றும் இருந்தது. டிஸ்சார்ஜ் படிவத்தில் ஒரு மூலையில் சில எழுத்துகளும் எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள்: போதைப் பழக்கம், ஒழுங்கின்மை, குணக் கோளாறு. தாளைச் சுமப்பவருக்கு அதன் பொருள் தெரியாது. வேலை கொடுக்கும் நிறுவனங்களோ அந்தக் குறிகளின் பட்டியலைக் கையில் வைத்திருந்தன. கௌரவமான டிஸ்சார்ஜ் வாங்கியவரின் தாளிலும் இந்தக் குறி இருக்கலாம். ஏன் எந்தக் கதவும் திறக்கவில்லை என்று தெரியாமலேயே ஒருவர் ஆண்டுக்கணக்கில் அலைந்திருப்பார். முன்னாள் வீரர்களும் அவர்களுக்காக வாதாடியவர்களும் போராடிய பிறகு 1974இல் இதை நிறுத்தினார்கள். பெயரைக் கேட்டதும் ஊரையும், ஊரைக் கேட்டதும் தெருவையும் கேட்டு முடிவெடுக்கும் நேர்முகத் தேர்வுகளைச் சந்தித்தவர்களுக்கு இந்த ரகசிய எண் அந்நியமாக இருக்காது.

சகிப்பே இல்லை, ஆனால் யாருக்கு?

1981 மே 26 இரவு, 'நிமிட்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் ஒரு விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். இறந்த தளப் பணியாளர்கள் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. விமானியின் உடலில் சளி, ஒவ்வாமைக்கு எடுக்கும் மருந்து அளவுக்கு மிஞ்சி இருந்தது. விபத்துக்குக் கஞ்சா காரணம் என்று கடற்படை விசாரணை முடிவு செய்யவில்லை. ஆனாலும் நாட்டின் நினைவில் தங்கியது தளத்தில் வண்டி தள்ளியவனின் கஞ்சா. அந்த ஆண்டு முடிவதற்குள் 'சகிப்பே இல்லை' என்ற கொள்கை வந்தது. பத்தாண்டுக்கு முன் சிகிச்சைக்கான வாசலாக இருந்த சிறுநீர்ச் சோதனை மீண்டும் தண்டனைக்கான சாட்சியானது. பரிசோதனைக் கூடங்கள் ஒழுங்காக இயங்கவில்லை, பல்லாயிரம் சிப்பாய்களின் முடிவுகளை அறிவியலோ சட்டமோ ஏற்காது என்று 1984இல் தரைப்படையே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கொள்கை பலித்ததா? ராணுவத்தின் சொந்தக் கணக்கெடுப்பில், முந்திய 30 நாளில் சட்டவிரோதப் போதை எடுத்தவர்கள் 1980இல் 27.6 விழுக்காடு, 1998இல் 2.7 விழுக்காடு. பெரிய வீழ்ச்சிதான். கூடவே இருக்கும் மற்றொரு கணக்கையும் படியுங்கள். அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள் 1980இல் ஐந்தில் ஒருவர். 2008இலும் ஐந்தில் ஒருவர்தான். முகாம் கடையில் வரியின்றி விற்ற மதுவுக்கு 'சகிப்பே இல்லை' என்ற விதி பொருந்தவில்லை.

மாத்திரையின் கதை இன்னும் தெளிவானது. 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் இரு அமெரிக்க விமானிகள் பயிற்சியில் இருந்த கனடா வீரர்களை எதிரிகள் என்று கருதிக் குண்டு வீசினார்கள், நால்வர் இறந்தார்கள். விசாரணையில் விமானிகளின் தரப்பு ஒரு உண்மையை வெளியே வைத்தது: விமானப்படையே அவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் கொடுத்திருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது. மறுக்கும் விமானியைப் பறக்கத் தகுதியற்றவர் என்று இறக்கிவிடும் அதிகாரமும் வைத்திருந்தது. மாத்திரைக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்றது விமானப்படை. அதே பொருள் ஒரு சாதாரணச் சிப்பாயின் சிறுநீரில் மருத்துவர் சீட்டின்றி இருந்திருந்தால் அவருக்குக் கிடைப்பது வெளியேற்றம்.

'அவனே தேடிக்கொண்டது'

இறுதியாக ஒரு வழக்கு. படையிலிருந்து கௌரவமாகத் திரும்பிய இருவர், கல்வி உதவியைப் பெறுவதற்கான 10 ஆண்டுக் கெடுவைத் தாண்டிவிட்டார்கள். குடிநோயால் அந்த ஆண்டுகளை இழந்தோம், மீண்டுவிட்டோம், இப்போது படிக்க அனுமதியுங்கள் என்று கேட்டார்கள். உடல் ஊனத்தாலோ மனநோயாலோ தாமதித்தவருக்குக் கெடுவை நீட்டிக்க விதி இருந்தது. ஆனால் வேறு மனநோயின் விளைவாக வராத குடிநோய் 'வேண்டுமென்றே செய்த தீய நடத்தை' என்று முன்னாள் படைவீரர் துறை வகைப்படுத்தியிருந்தது. 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் துறையின் பக்கம் நின்றது. உடன்படாத மூவரில் ஒருவர் தர்குட் மார்ஷல். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1951இல் கொரியப் போரில் கறுப்புச் சிப்பாய்கள் கூட்டங்கூட்டமாகத் தண்டிக்கப்பட்டபோது, என்.ஏ.ஏ.சி.பி. வழக்கறிஞராக ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போய்ச் சிறையில் அவர்களைச் சந்தித்து வாதாடியவர். குடியைக் குணமாக எழுதும் தாளை அவர் அறிவார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் நம் மக்கள், அன்றாடங்காய்ச்சிகள். அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்ற குரல் எழுந்தது. நீதிமன்றம் வரை போனது. 'அவனே தேடிக்கொண்டது' என்ற அந்த வாக்கியமும் 'வேண்டுமென்றே செய்த தீய நடத்தை' என்ற வாஷிங்டன் விதியும் ஒரே கையெழுத்து. 2003 முதல் சில்லறை மதுக்கடையையும் அரசே நடத்துகிற மாநிலத்தில், விற்பவருக்கு அது வருவாய், கனவான்களின் மன்றத்தில் அது கேளிக்கை, கருணாபுரத்தில் மட்டும் அது குணம்.

இதிலிருந்து குடியைப் பற்றிப் பேசவே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கறுப்புச் சிறுத்தைகள் அப்படி வரவில்லை. ஹெராயினிலிருந்து மீண்ட மைக்கேல் டேபர் என்ற சிறுத்தை, 1970இல் எழுதிய சிறுபிரசுரத்தில் போதையைத் தம் மக்களைக் கொல்லும் கருவி என்றே எழுதினார். அதை விற்பவரையும் அதனால் லாபம் அடையும் ஒழுங்கையும் குற்றக்கூண்டில் நிறுத்தினார். அண்ணல் 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் எடுக்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. பண்டிதரின் பஞ்சசீலமும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. குடிப்பவரைத் தம்மில் ஒருவராக வைத்துக்கொண்டே அவர்கள் குடியை எதிர்த்தார்கள். மேலிருந்து வரும் ஒழுக்கப் போதனையோ அவரை வெளியேற்றுவதற்காகவே குடியைப் பேசுகிறது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் ஊரிலும் தாள்கள் இருக்கின்றன: காவல் நிலையப் பதிவேடு, நடத்தைச் சான்று, பணிநீக்க ஆணை, விபத்து இழப்பீட்டுக் கோப்பு. துப்புரவுப் பணியாளரும் தொட்டியில் இறங்கிச் செத்தவரும் அந்தத் தாள்களில் எப்படி எழுதப்பட்டிருக்கிறார்கள், 'குடிபோதையில் இருந்தார்' என்ற வரி எங்கெல்லாம் வருகிறது, அந்த வரியால் எந்தக் குடும்பத்துக்கு என்ன மறுக்கப்பட்டது என்று எடுத்துப் பாருங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. 'பிட்ஸ்பர்க் கூரியர்' ஒரு காகிதத்தின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ராணுவத்தைக் கேள்வி கேட்டது. பண்டிதர் நாலு பக்க வாரத்தாளை வைத்துக்கொண்டு கேட்டார். நாமும் கேட்கத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.